பதினான்கு மேசை, ஒரு எல்.என். கீ

மடிப்பாக்கத்தில் தங்கை நடத்தும் டியூஷன் சென்டருக்கு 14 மேசை வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மேசை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வந்தது 14 அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். மாடிக்கு ஏற்றுவதற்குள் எனக்கும் மச்சானுக்கும் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது.

"பிரிச்சு மாட்டிக் கொடுக்க ஆள் வருவாங்கன்னு சொன்னாங்களே?"

"வருவாங்களாம். புதன்கிழமை. திங்கட்கிழமை காலைல பிள்ளைங்க வந்துடுவாங்க அண்ணா."

பழைய மேசைகள் கீழ்த்தளத்தில் இருந்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் உள்ளே வந்து இரண்டு நாள் நின்றது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரச்சில்லையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பலகை. கால்கள் எல்லாம் டீயில் முக்கிய பொறை மாதிரி ஊதிக்கொண்டன. ஊதியது காய்ந்த பிறகும் வற்றவில்லை. பசை விட்டுப்போன இடத்தில் சில்லு பழையபடி ஒட்டாது. அதன் பிறகு பாய் விரித்தே பாடம் நடந்தது. இப்போது முதல் மாடிக்குக் குடிவந்த தைரியத்தில் மறுபடியும் அதே பார்ட்டிகிள் போர்டு. பட்டும் புத்தி வரவில்லையா என்று கேட்காதீர்கள். பட்ஜெட்.

அன்று ராத்திரியே ஒரு பெட்டியைப் பிரித்தோம். உள்ளே ஏழு பலகை, ஒரு பை நிறைய மர முளை, பலகைகளைக் கவ்விப் பிடிக்கும் வட்ட கேம் லாக், தடித்த மரை போட்ட நீள ஸ்க்ரூ 16. கூடவே ஒரு குட்டி எல் வடிவச் சாவி. வரைபடத்தில் எழுத்தே கிடையாது, சிரித்த முகத்தோடு ஒரு மொட்டை பொம்மை மட்டும். 1950களில் சுவீடனில் ஐக்கியா நிறுவனத்து வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேசை காருக்குள் நுழையவில்லை என்று அதன் காலைக் கழற்றி ஏற்றினாராம். பெட்டியில் அடைத்த பர்னிச்சர் வியாபாரம் பெரிதானதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். அவர் அன்று கழற்றியதை நாம் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் மேசைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. படம் பார்த்துப் புரிந்துகொண்டதில் போன நேரம் போகட்டும், அது ஒரு தடவைதான். ஸ்க்ரூதான் ஆளைக் கொன்றது. 7 எம்.எம். தடிமன், 50 எம்.எம். நீளம். கடைகளில் கன்ஃபர்மட் ஸ்க்ரூ என்று கேட்டால் கொடுப்பார்கள், பார்ட்டிகிள் போர்டுக்கென்றே செய்தது. தலையில் 4 எம்.எம். அறுகோணக் குழி. மரைக்கு மரை இடைவெளி ஏறக்குறைய 3 எம்.எம். முதல் பலகையைத் தாண்டி அடுத்த பலகையின் விளிம்புக்குள் 32 எம்.எம். போக வேண்டும், அதாவது பதினோரு சுற்று. திறந்த வெளியாக இருந்தால் பதினோரு சுற்று ஒரு வேலையே இல்லை. ஆனால் மேசையின் முன்பலகைக்கும் காலுக்கும் நடுவே சாவி கால் சுற்றுகூடத் திரும்பாது. திருப்பு, எடு, மாட்டு, திருப்பு. ஒரு ஸ்க்ரூவுக்கு எத்தனை தடவை என்று எண்ணினேன்: 58. மீதி 13 மேசைக்கு 208 ஸ்க்ரூ. பெருக்கினால் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. பன்னிரண்டாயிரம் தடவை எடுத்து மாட்டினால் திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட முடியாது. மச்சானின் ஆள்காட்டி விரலில் அப்போதே ஒரு கொப்புளம்.

என்னிடம் இருப்பது சுவரில் ஓட்டை போடுகிற டிரில். நிமிடத்துக்கு 2800 சுற்று, நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். இதற்கு அது ஆகாது. எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்று இருந்தது. விசையை அழுத்துகிற அளவுக்கு வேகம், கழுத்தில் எண் போட்ட வளையம். எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்த அளவு இறுக்கம் வந்ததும் கட்கட்டென்று சத்தம் போட்டுச் சுற்றுவதை விட்டுவிடும். இரண்டு நாளைக்குக் கேட்டதும் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் பெட்டியில் இருந்த பிட், அதாவது டிரில்லின் மூக்கில் மாட்டுகிற துண்டு, எல்லாம் ஸ்டார் தலைக்கானவை.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போய் "4 எம்.எம். ஹெக்ஸ் பிட், நீளமா இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "எல்.என். கீயா?" என்றார். பெட்டியில் வந்த அந்த எல் வடிவச் சாவிக்கு ஆலன் கீ என்று பெயர். அது நம்மூர்ப் பட்டறை வாயில் புகுந்து எல்.என். கீ ஆகி எத்தனையோ வருஷமாகிறது. ஆலன் என்பது அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் கம்பெனியின் பெயர். எல் மாதிரி வளைந்திருப்பதால்தான் எல்.என். என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிட் இல்லை, சாவி செட் இருக்கிறது என்றார். ஆன்லைனில் பார்த்தால் நீள பிட் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, வந்து சேர நான்கு நாள். பர்னிச்சர் மாட்டுகிற ஆளே அதற்குள் வந்துவிடுவார்.

பெட்டிக்கு ஒன்றாக 14 சாவி சும்மா கிடக்கிறதே, ஒன்றின் வளைவை வெட்டிவிட்டு நேர்த்துண்டை டிரில்லில் மாட்டினால் என்ன? டிரில்லின் சக்கில், அதாவது பிட்டைக் கவ்வுகிற வாயில், மூன்று தாடை, சாவிக்கு ஆறு பட்டை. ஒன்று விட்டு ஒரு பட்டையில் ஒவ்வொரு தாடையும் தட்டையாகப் போய் உட்காரும். உருண்டைக் கம்பியைவிட நல்ல பிடி. இதுவரை யோசித்ததில் தப்பே இல்லை. தப்பெல்லாம் பிறகு.

ஆக்ஸா பிளேடு போட்டு அறுத்தேன். பளபளவென்று ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் பிளேடில் பல் இல்லை. சாவி பதம் ஏற்றிய இரும்பு, பிளேடும் அதே ஜாதி, யாருக்கு யார் விட்டுக்கொடுப்பது? தெருமுனை வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கேட் வேலை நடந்துகொண்டிருந்தது. பட்டறைக்கார அண்ணன் கட்டிங் மெஷினை நீட்டி, "நீங்களே வெட்டிக்கோங்க சார், கண்ணாடி போட்டுக்கோங்க" என்றார். மெல்லிய கட்டிங் வீல், ஐந்தே விநாடி. வளைவு தனியாக விழுந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முந்தின ராத்திரி 16 ஸ்க்ரூ திருப்பியதில் அந்தச் சாவியின் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது. முனையையும் 3 எம்.எம். எடுத்துவிட்டால் புது விளிம்பு கிடைக்குமே என்று சக்கரத்தில் வைத்து நிதானமாகத் தேய்த்தேன். அந்த நிதானம்தான் கெடுத்தது. முனை முதலில் வைக்கோல் நிறமானது, அப்புறம் ஊதா, அப்புறம் மயில் கழுத்து நீலம். அழகாகத்தான் இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"நீலமாயிடுச்சுன்னா செத்துப்போச்சு சார்."

"எது?"

"பதம். இனிமே அது ஆணி மாதிரிதான்."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினேன். முதல் ஸ்க்ரூ ஜோராக உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஸ்க்ரூ நின்றது, டிரில் சுற்றியது. எடுத்துப் பார்த்தால் முனை சீனி முறுக்கு மாதிரி திருகிக்கொண்டிருந்தது. அறுகோணம் அறுகோணமாகவே இருந்து கால் சுற்று முறுக்கிக்கொண்டது, பார்க்கவே வேடிக்கை. தேய்க்கும்போது இரும்பின் மேல் தெரியும் நிறம் சூட்டுக்கு அடையாளம். வைக்கோல் நிறம் என்றால் 220, 230 டிகிரி. நீலம் என்றால் 300ஐ ஒட்டி வந்துவிட்டது. இந்தச் சாவிக்குத் தொழிற்சாலையில் கொடுத்த கடினம் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். இதெல்லாம் பத்தாம் வகுப்பில் படித்தவன்தான் நான். பட்டறைக்காரர் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

போதாக்குறைக்கு இன்னொரு கோளாறும் அப்போதுதான் கண்ணில் பட்டது. பெட்டிச் சாவியின் நீளக் கை 7 செ.மீ. சக்குக்குள் போனது போக வெளியே நிற்பது நாலரை. முன்பலகைக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவுக்கு முனை எட்டுவதற்குள் டிரில்லின் மூக்கு பலகையில் இடிக்கிறது. பதம் போகாமல் இருந்திருந்தாலும் பாதி வேலைக்கு ஆகியிருக்காது.

மறுபடியும் கடை. நீளக் கை வைத்த சாவி செட் வாங்கினேன், 1.5 முதல் 10 எம்.எம். வரை ஒன்பது சாவி. அதில் 4 எம்.எம். சாவியின் கை சுமார் 14 செ.மீ. நீளம். இந்தத் தடவை பட்டறையில் ஒரு தகர டப்பாவில் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெட்டப்போகும் இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி வெறும் கையால் பிடித்துக்கொண்டேன், விரல் சுட்டால் நிறுத்துவது என்று கணக்கு. சக்கரம் இரண்டு விநாடி, தண்ணீரில் முக்கு, மறுபடி இரண்டு விநாடி. ஏழெட்டு முக்கில் துண்டானது. அண்ணன் சிரித்தார். சக்குக்குள் போகப்போகிற முனைக்கு இத்தனை மரியாதை தேவையே இல்லை என்று பிறகு உறைத்தது. ஸ்க்ரூவைத் திருப்புவது மறுமுனை, அதை நான் தொடவே இல்லை. தொழிற்சாலையில் வந்தபடியே விட்டேன். வெட்டிய முனையில் நின்ற பிசிறை மட்டும் அவரிடம் இருந்த பழைய எண்ணெய்க் கல்லில் நாலு இழுப்பு இழுத்து எடுத்தேன். பிசிறு இருந்தால் சக்கின் தாடை சரியாகக் கவ்வாது, தண்டு கோணலாகச் சுற்றும்.

நீளமாக இருப்பதற்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. 11 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும்போது முனை குழியைத் தேடி அலைகிறது. ஒரு கையால் தண்டைப் பிடித்து வழிகாட்டலாம் என்றால் சுற்றுகிற அறுகோணம் தோலை உரிக்கும். ஹாலில் ஓரமாகப் பிள்ளைகள் விட்டுப்போன தீர்ந்த பால்பாயிண்ட் பேனாக்கள் ஒரு டப்பா கிடந்தது. ஒன்றின் முன்மூக்கையும் பின்மூடியையும் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் தண்டில் செருகிப் பார்த்தேன். 4 எம்.எம். அறுகோணத்துக்கு மூலைக்கு மூலை 4.6 எம்.எம். குழாயின் உள் அகலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தொளதொளவென்றும் இல்லை, சிக்கவும் இல்லை. விரல் குழாயைப் பிடித்திருக்கும், உள்ளே தண்டு மட்டும் சுற்றும். முனையில் 2 செ.மீ. வெளியே தெரிகிற அளவுக்குக் குழாயை வெட்டிவிட்டேன். சன்மைக்காவில் தண்டு உரசிக் கோடு போடாமல் இருந்ததும் இதனால்தான். இந்தக் கருவியில் என் மூளை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தால் அது இந்தப் பேனாக் குழாய்தான். மிச்சமெல்லாம் யாருக்கும் தோன்றும்.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தால் தண்டை ஒரே திசையில் இருபது தடவை தேய்த்தேன். ஸ்க்ரூ முனையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. குனிந்து பொறுக்குகிற வேலை குறைந்தது.

இரண்டாவது மேசையில் முதல் ஸ்க்ரூ. விர்ர் என்று நான்கு விநாடியில் உள்ளே போனது. மச்சான் கைதட்டினார். இரண்டாவது ஸ்க்ரூவும் விர்ர், ஆனால் நிற்கவில்லை. தலை பலகையில் பதிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தால் கையோடு வந்துவிட்டது, கூடவே மாவு மாதிரி தூள். உள்ளே மரை போய்விட்டது.

கழுத்து வளையத்தைப் பார்த்தால் எண் 15ல் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் தம்பி சுவரில் பெட்டி அடிக்க வைத்திருந்த அளவு. பார்ட்டிகிள் போர்டின் முகத்தில் தூள் நெருக்கமாக இருக்கும், நடு வயிற்றில் பெரிய சில்லுகள் தளர்வாகக் கிடக்கும். இந்த ஸ்க்ரூ மரை கடிப்பது விளிம்பு வழியாக அந்த வயிற்றில்தான். தலை உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று கூடப் போனால் போதும், கடித்த இடம் உதிர்ந்துவிடும். கையில் சாவி வைத்துத் திருப்பும்போது அந்த இறுக்கம் மணிக்கட்டுக்குத் தெரிகிறது. மோட்டாருக்குத் தெரியாது.

போன ஓட்டையைச் சரி செய்தது இப்படி: தென்னந்துடைப்பத்தில் ஈர்க்கு உருவி, அடித்தண்டுப் பக்கமாக ஓட்டை ஆழத்துக்கு நறுக்கி, ஃபெவிகாலில் தோய்த்து, இனிப் போகாது என்கிற வரை திணித்தேன். அந்த மேசையை ஒருநாள் முழுக்கச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஸ்க்ரூவைக் கையால் திருப்பினேன், கடித்தது. அந்தக் கால் இன்றுவரை ஆடவில்லை. தீக்குச்சி போடுவார்கள், அது மெத்தென்று நசுங்கிவிடும். எனக்கு ஈர்க்குதான் பிடித்திருக்கிறது.

அதன் பிறகு வளையத்தை 3ல் வைத்து ஆரம்பித்தேன். பாதியிலேயே கட்கட். 4, 5 என்று ஏற்றி, தலை பலகையைத் தொட ஒரு நூல் இருக்கும்போது விடுகிற எண்ணைத் தேடினேன். இந்த டிரில்லில், இந்தப் பலகைக்கு, 6. உங்கள் டிரில்லில் எண் வேறாக இருக்கும். முறை இப்படி அமைந்தது: ஸ்க்ரூவைக் குழியில் வைத்து முதலில் கையால் பின்பக்கமாகத் திருப்புவது. ஒரு இடத்தில் சின்னதாக டக்கென்று இறங்கும். அதுதான் மரையின் வாய். அங்கிருந்து முன்பக்கமாக ஒரு சுற்று கையால், பிறகு டிரில், கட்கட் கேட்டதும் நிறுத்திவிட்டுக் கடைசி அரைச் சுற்று எல் சாவியால். டிரில்லைப் பிடித்தது நான், கடைசி அரைச் சுற்றுக்கு மச்சான் பின்னாலேயே வந்தார். கொப்புளத்தில் பிளாஸ்திரி.

கேம் லாக்கில் மட்டும் டிரில்லைக் காட்டவே கூடாது. அது ஸ்க்ரூ மாதிரி தெரியும், ஸ்க்ரூ இல்லை. அரைச் சுற்றில் கவ்விக்கொள்கிற கொக்கி. இரும்பைவிட மெத்தென்ற உலோகம், மோட்டார் திருப்பினால் வாய் கிழிந்துவிடும். நான் செய்யவில்லை. செய்யப்போனேன், மச்சான் கையைப் பிடித்துவிட்டார்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான்கு மேசை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுக்கு ஆரம்பித்து ஒன்பது. கடைசி மேசை 25 நிமிடத்தில் நின்றது. ஸ்க்ரூ வேலை இப்படிச் சுருங்கியதும் மற்ற வேலைகள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன. பெட்டி கிழிப்பது, தெர்மோகோல் பொறுக்குவது, எது இடது கால் எது வலது கால் என்று தேடுவது. பைகளைக் கொட்டினால் முளையும் கேமும் ஸ்க்ரூவும் கலந்துவிடுகிறது. தங்கை வீட்டு இட்லித் தட்டைத் தூக்கி வந்து குழிக்கு ஒரு சாமானாகப் போட்டேன். அதை விடத் தோதான சாமான் தட்டு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது. "நாளைக்கு எதுல இட்லி ஊத்துறது?" என்று கேட்டாள், பிறகு அவளே குழியில் முளைகளை எண்ணிப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு பெட்டியில் இரண்டு ஸ்க்ரூ குறைவு, இன்னொன்றில் மூன்று கூடுதல். கணக்கு அங்கேயே நேராகிவிட்டது.

மட்டம் பார்க்கவும் மறக்கவில்லை. எல்லாம் மாட்டிவிட்டு இறுக்குவதற்கு முன் மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பது, பிறகு பின்பக்கத்தில் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்கும் ஒரே அளவா என்று பார்ப்பது. மூன்றாவது மேசையில் 6 எம்.எம். வித்தியாசம். அப்படியே இறுக்கியிருந்தால் டிராயர் சிக்கியிருக்கும். ஒரு காலை முட்டியால் தள்ளிச் சரி செய்தோம்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பதினான்காவது மேசையை நிமிர்த்தினோம். தண்டின் முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். இருநூறு ஸ்க்ரூ போட்டதில் ஆறு மூலையும் லேசாக மழுங்கியிருந்தன, குழிக்குள் இன்னும் நழுவவில்லை. அடுத்த வாரம் பட்டறைக்குப் போய், தண்ணீர் டப்பாவோடு, முனையில் 2 எம்.எம். எடுத்தேன். இந்தத் தடவை நீலம் எங்கேயும் வரவில்லை.

டிரில்லைத் திருப்பிக் கொடுத்தபோது எலக்ட்ரீஷியன் தம்பி பேனாக் குழாயை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, 5 எம்.எம்.ல ஒண்ணு கிடைக்குமா? வீட்ல கட்டில் ஒண்ணு பெட்டியிலயே கிடக்கு" என்றார். செட்டில் 5 எம்.எம். சாவி இருந்தது, வெட்டிக் கொடுத்தேன். அதற்குப் பேனாக் குழாய் பத்தவில்லை. ஸ்கெட்ச் பேனாவின் கூடு சரியாக இருந்தது.